குக்கர் வெயிட்டும் ஈஃபில் கோபுரமும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பதிவுக்குக் காரணமும் அப்படி ஒரு ஆணிதான். நானே அடிச்சு, நானே மிதிச்சு, கடைசியில நானே புடுங்கின ஆணி!

நான் பொட்டி தட்டுறவன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். எந்த மாதிரிப் பொட்டின்னு சொன்னதில்லை. தொழிற்சாலைகள்ல இருக்கிற சோதனை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதறது என் பிழைப்பு. கோவைப் பக்கம் ஒரு வால்வு கம்பெனி (பேர் வேண்டாமே). அங்க செய்யற ஒவ்வொரு வால்வையும் வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி உள்ளே தண்ணி நிரப்பி, அழுத்தம் ஏத்தி, ஒழுகுதா, விரிசல் விடுதான்னு பார்ப்பாங்க. ஹைட்ரோ டெஸ்ட்னு பேரு. 40 கிலோ அழுத்தத்துக்குன்னு செஞ்ச வால்வை ஒண்ணரை மடங்கு, அதாவது 60 கிலோவுக்கு ஏத்தணும். (சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோன்னு அர்த்தம். பட்டறையில யாரும் அவ்வளவு நீளமா சொல்லமாட்டாங்க.) எத்தனை கிலோவுக்கு ஏத்தணும், எத்தனை நிமிஷம் நிறுத்தணும், எப்ப இறக்கணும், எல்லாம் நான் எழுதின புரோகிராம் பார்த்துக்கும்.

ஒருநாள் அங்க இருந்த ஃபிட்டர் அண்ணன் கூப்பிட்டார். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும்.

"தம்பி, உங்க பொட்டி 60ங்குது. இந்த கேஜ் 66 காட்டுதுங்க."

பம்ப் பக்கத்துல ஒரு பழைய வட்ட கேஜ். கண்ணாடி மங்கி, எண்கள் பாதி அழிஞ்சு கிடந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, அது உங்க வயசு கேஜ். எங்க சென்சார் போன மாசம் வாங்கினது. அதை நம்புங்க"ன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தார்.

பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு முந்நூறு வருஷம் பின்னாடி போயிட்டு வந்துடுவோம். கொசுவத்திச் சுருள் கொஞ்சம் பெரிசு, பொறுத்துக்கோங்க மக்கா.

அடுப்பில இருந்து ஆரம்பிக்கலாம். 1679ல டெனிஸ் பாப்பன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியில ஒரு பாத்திரத்தைக் காட்டினார். இறுக்கி மூடி, நீராவியை வெளியே விடாம எலும்பையே மெத்துன்னு வேக வைக்கிற பாத்திரம். நம்ம குக்கரோட பாட்டன். நீராவி அளவுக்கு மீறினா பாத்திரம் வெடிச்சிடுமே? அதுக்கு அவர் பண்ணின ஏற்பாடு ரொம்ப எளிமையானது. மூடியில ஒரு சின்ன ஓட்டை, ஓட்டையை அடைக்க ஒரு அடைப்பான், அது மேல எடை அழுத்தற மாதிரி ஒரு நெம்புகோல். உள்ளே இருக்கிற அழுத்தம் எடையைத் தூக்கற அளவுக்கு வந்துட்டா நீராவி தானா வெளியேறிடும்.

கவனிச்சீங்களா? இது பாதுகாப்புக் கருவி மட்டும் இல்லை, அளவுக் கருவியும்தான். ஓட்டையோட பரப்பு தெரியும், எடை தெரியும். எடையைப் பரப்பால வகுத்தா அழுத்தம். வீட்டில அம்மா குக்கர் மேல வெயிட் போடும்போது, "இதுக்கு மேல ஏறினா சத்தம் போடு"ன்னு அழுத்தத்துக்கு ஒரு எல்லை வச்சிடறாங்க. முள்ளும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. விசில் வரும்போது உள்ள காத்தழுத்தத்தை விட சுமார் 1 கிலோ அதிகம். அந்த எண்ணை முடிவு பண்றது ஒரு இரும்புத் துண்டோட எடையும் ஒரு ஓட்டையோட அளவும்தான்.

அடைச்ச திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாம போய்ச் சேரும்னு பாஸ்கல் அதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தார். (அவர் இறந்தப்புறம் 1663லதான் அது அச்சில வந்தது.) இதை வச்சு 1795ல ஜோசப் பிராமான்னு ஒரு ஆங்கிலேயர் ஹைட்ராலிக் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். சின்ன பிஸ்டனை ஒருத்தன் கையால அழுத்தினா பெரிய பிஸ்டன் டன் கணக்கில தூக்கும். பொட்டி தட்டற பாஷையில சொன்னா, மனுஷனோட கைக்கு ஒரு 'ஜூம்' பட்டன் கிடைச்சிடுச்சு :-)

ஆனா ஜூம் பண்ணினா ஆபத்தும் சேர்ந்து ஜூம் ஆகும். 1849 ஆகஸ்ட் 17. வேல்ஸ்ல மெனாய் நீரிணைக்கு மேல பிரிட்டானியா பாலம் கட்டறாங்க. ஆயிரத்து ஐந்நூறு டன்னுக்கும் மேல எடையுள்ள இரும்புக் குழாயை ஹைட்ராலிக் அச்சால கொஞ்சம் கொஞ்சமா மேலே தூக்கறாங்க. நடுவுல வார்ப்பிரும்பு சிலிண்டரோட அடிப்பாகம் பிய்ச்சுக்கிட்டு விழுந்துடுச்சு. பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் முன்னாடியே, "தூக்கத் தூக்க அடியில முட்டுக் கொடுத்துக்கிட்டே வாங்க"ன்னு கண்டிப்பா சொல்லி வச்சிருந்ததால குழாய் சில அங்குலம்தான் இறங்கி நின்னுச்சு. சிலிண்டர் தாங்கும்னு மட்டும் நம்பியிருந்தா குழாய் கடலுக்குள்ள போயிருக்கும்.

அதே 1849ல, ரெண்டு மாசம் முன்னாடி, பாரிஸ்ல யூஜின் போர்டோன் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அவர் பட்டறையில சுருளா வளைச்ச ஒரு குழாய் நசுங்கிப் போச்சாம். உள்ளே அழுத்தம் கொடுத்து நிமித்தலாம்னு பார்த்தா, குழாய் உப்பும்போது சுருளும் சேர்ந்து விரிஞ்சிருக்கு. திருவிழாவில விப்பாங்களே, ஊதினா சுருள் விரியற காகித ஊதல், அதே சமாச்சாரம். விரியற முனையில ஒரு பல்சக்கரமும் முள்ளும் மாட்டினார். பிரஷர் கேஜ் ரெடி. கொதிகலன்கள் அங்கங்க வெடிச்சு ஆளுங்க செத்துக்கிட்டிருந்த காலம் அது. கைக்கடக்கமான, உடையாத, பார்த்த உடனே எண் சொல்ற ஒரு கருவியை ரயில்காரனும் கப்பல்காரனும் கொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கும் காஸ் சிலிண்டர் ரெகுலேட்டர்லயும் காத்தடிக்கிற கம்பிரஸர்லயும் பார்க்கிற முள் கேஜ் பெரும்பாலும் போர்டோன் குழாய்தான்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச கேள்வி வருது. குழாய் எவ்வளவு விரிஞ்சா எத்தனை கிலோ? குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதோட உலோகம், கனம், வளைவு எல்லாத்தையும் பொறுத்தது. தெரிஞ்ச அழுத்தத்தைக் கொடுத்து, முள் எங்க நிக்குதோ அங்க கோடு போடணும். அந்த அழுத்தம் எப்படித் தெரியும்? இன்னொரு கேஜ் வச்சுப் பார்த்து. அந்த இன்னொரு கேஜுக்குக் கோடு போட்டது யார்? அதுக்கு முந்தின கேஜ்... இப்படிக் கேட்டுக்கிட்டே போனா இன்ஃபினிட் லூப். எங்கயாவது ஒரு இடத்துல, வேற எந்தக் கேஜையும் நம்பாத ஒண்ணு வேணும்.

அப்ப பாதரசம் இருந்துச்சு. 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசம் ஒரு வளிமண்டல அழுத்தம். உயரத்தை அளந்தா போதும், குழாய் பழசா புதுசா, களைச்சதா களைக்காததாங்கிற பேச்சே இல்லை. ஆனா 400 வளிமண்டலம் வேணும்னா? 300 மீட்டர் உயரத்துக்குப் பாதரசம் வேணுமே?

வேணும்னா வேணும்தான்! பிரெஞ்சுக்காரங்க சளைக்கல. எமில் அமகா 1870களோட கடைசியில செந்தெத்தியேன் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக் குழியில 326 மீட்டருக்குக் குழாய் இறக்கி, அதுல பாதரசத்தை நிரப்பி அளந்தார். அப்புறம் லூயி கையத்தே (ஆக்சிஜனைத் திரவமாக்கினவர்) பாதாளத்துக்கு எதிர்த்திசையில யோசிச்சார். பாரிஸ்ல 1889ல புதுசா 300 மீட்டர் கோபுரம் நிக்குதே? 1891ல ஈஃபில் கோபுரத்தோட காலடியில இருந்து உச்சி வரைக்கும் மெல்லிய எஃகுக் குழாய் ஒண்ணு ஓட்டினாங்க. கீழ இருந்து பம்ப்பால பாதரசத்தை மேலே தள்ளணும். எஃகுக்குள்ள பாதரசம் எங்க நிக்குதுன்னு தெரியாதே? அதனால வழியெல்லாம் இடைவெளி விட்டு விட்டுக் குழாய்த் திறப்புகள், ஒவ்வொண்ணுலயும் பக்கத்துல ஒரு கண்ணாடிக் குழாய். 400 வளிமண்டலம் வரைக்கும் மத்த கேஜ்களை இதோட ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். வெயில்ல பாதரசம் விரியறதுக்கும் கணக்குப் போடணும். பாரிஸ் போறவங்க எல்லாம் அந்தக் கோபுரத்து முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. ஒரு காலத்துல அதுவே ஒரு பெரிய பிரஷர் கேஜா இருந்துச்சுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா கோபுரத்தைப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போக முடியாதே. அதுக்குத்தான் மறுபடியும் பாப்பனோட குக்கர் வெயிட் வந்தது, இந்தத் தடவை நல்லா குளிச்சு மொழுகி. துல்லியமா கடைஞ்ச ஒரு சிலிண்டர், அதுல ஒரு மயிரிழை இடைவெளியோட ஒரு பிஸ்டன், பிஸ்டன் தலையில எடைக்கற்கள், கீழே எண்ணெய். எடைக்கற்கள் மேலே எழும்பி மிதக்கற வரைக்கும் எண்ணெயை அழுத்தணும். மிதந்துட்டா அழுத்தம் இவ்வளவுதான்னு கணக்குச் சொல்லிடும். பிஸ்டன் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், மேலே இருக்கிற மொத்த எடை 60 கிலோன்னா அழுத்தம் 60 கிலோ. இதுக்குப் பேர் டெட் வெயிட் டெஸ்டர்.

ஃபிட்டர் அண்ணனோட மரப்பெட்டியில இருந்தது அதுதான்.

எனக்கு அதைப் பார்த்ததும் வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னா காலேஜ்ல மூணாவது வருஷ லேப்ல அதே கருவி இருந்துச்சு. நான் அதைத் தொட்டதே இல்லை. சீனியரோட ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதி, கிராஃப் போட்டுக் கையெழுத்து வாங்கினவன் நான். அந்த கிராஃப் ரொம்ப அழகா நேர்க்கோட்டுல வந்திருந்துச்சு!

அண்ணன் முதல்ல எடைக்கற்களை விரலால மெதுவாச் சுத்தி விட்டார். "சுத்தாம வச்சா எங்கயாவது ஒட்டிக்கிட்டு நின்னுரும் தம்பி. சுத்திட்டே இருந்தாத்தானுங்க உண்மை சொல்லும்." பிஸ்டன் பக்கவாட்டில உரசி நிக்கறதைத் தவிர்க்கத்தான் இந்தச் சுழற்சி. புத்தகத்துல ஒரு பாராவுக்கு எழுதியிருந்தாங்க. எனக்கு அது புரிஞ்சது அன்னிக்குத்தான்.

இந்தக் கருவிக்கும் பலவீனம் உண்டு. அழுத்தம் ரொம்ப ஏறினா சிலிண்டரே லேசா உப்பும், இடைவெளி பெருகும், எண்ணெய் கசியும், பரப்புக் கணக்கு மாறும். ஹார்வர்டுல பெர்சி பிரிட்ஜ்மன் ஆயிரக்கணக்கான வளிமண்டலத்துக்குப் போனப்போ இதுக்கு ஒரு வழி பண்ணினார். அதே அழுத்தத்தை சிலிண்டருக்கு வெளிப்பக்கமும் கொடுத்தா அது உப்பாம இருக்கும். உயர் அழுத்த ஆராய்ச்சிக்காக 1946ல இயற்பியல் நோபல் வாங்கினார்.

இன்னொரு பலவீனம் நம்ம ஊருக்குன்னே இருக்கு. எடைக்கல்லோட நிறை எங்க போனாலும் மாறாது, ஆனா அதை பூமி இழுக்கிற இழுப்பு இடத்துக்கு இடம் மாறும். கருவிகள்ல பொறிக்கிற எண் பெரும்பாலும் நியம ஈர்ப்புக்கு, அதாவது 9.80665க்கு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற நம்ம சென்னையில சுமார் 9.783தான். கிட்டத்தட்ட 0.24 சதவீதம் குறைவு. அங்க கல்லுல 1000ன்னு பொறிச்சதை இங்க வச்சா உண்மையில 997.6 தான் வரும். சாதாரண கேஜுக்கு இது பெரிய விஷயமில்லை. துல்லியமான கருவிக்கு இது மலை. ஊர் மாறினா திருத்தம் போடணும், போடலைன்னா விலை கொடுத்து வாங்கின துல்லியம் எல்லாம் வீண்.

அப்ப அந்த எடைக்கல்லை யார் நம்பறது? அங்கீகாரம் பெற்ற ஒரு ஆய்வகம் சரிபார்த்துத் தரும். அவங்க கருவியை அதுக்கு மேல இருக்கிறவங்க. இப்படியே ஏறிப் போனா டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்க நம்ம நாட்டோட கிலோகிராம் இருக்கு, பாரிஸ் பக்கம் இருக்கிற மூலக் கிலோகிராமோட 57ம் எண் பிரதி. அந்த உலோகத் துண்டும் இப்ப கடைசி வார்த்தை இல்லை. 2019 மே 20ல இருந்து கிலோகிராமுக்கு இலக்கணம் பிளாங்க் மாறிலி. கோவையில ஒரு பட்டறை மூலையில கிடக்கிற மங்கின கேஜோட வம்சாவளி அங்க வரைக்கும் போகுது.

சரி, அன்னிக்கு என்ன ஆச்சு? டெட் வெயிட் டெஸ்டர்ல 60 வச்சு, அந்தப் பழைய கேஜை மாட்டினார். முள் 60ல வந்து நின்னுச்சு. என் சென்சாரை மாட்டினார். ஸ்கிரீன்ல 54.

கேஜ் உண்மை, நான் பொய்.

காரணம் தேட அரை மணி நேரம் ஆச்சு. என் புரோகிராம்ல 'ஜீரோ' பட்டன் ஒண்ணு வச்சிருந்தேன். அமுக்கினா அந்த நேரத்துல சென்சார் என்ன சொல்லுதோ அதைப் பூஜ்யம்னு எடுத்துக்கும். தராசுத் தட்டைச் சமன் பண்ற மாதிரி. யாரோ ஒரு ஷிஃப்ட்ல, அழுத்தத்தை முழுசா இறக்காம, லைன்ல 6 கிலோ மிச்சம் இருக்கும்போது அதை அமுக்கியிருக்காங்க. என் புரோகிராம் "இது ஜீரோவா இருக்க வாய்ப்பே இல்லையே"ன்னு ஒரு கேள்வி கூடக் கேட்கல. அதுக்கப்புறம் எல்லா எண்ணும் ஆறு குறைவு. 60 வர்ற வரைக்கும் ஏத்துன்னா, மெஷின் 66க்கு ஏத்திக்கிட்டே இருந்திருக்கு. 43 வால்வு. 43 சான்றிதழ். எல்லாத்துலயும் 60ன்னு அச்சடிச்சது என் மென்பொருள்.

எங்க டேமேஜருக்குப் போன் போட்டேன். "கூடுதலாத்தானேப்பா டெஸ்ட் பண்ணியிருக்கு? நல்லதுதானே, விடு"ன்னார். உண்மையைச் சொல்றேன், எனக்கும் அதை நம்பத்தான் ஆசையா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி லாட்ஜ்ல தூக்கம் வராம புரளும்போது முன்னாடி எப்பவோ படிச்ச காமெட் விமானத்துக் கதை ஞாபகம் வந்துச்சு.

காமெட், உலகத்தோட முதல் ஜெட் பயணிகள் விமானம். 1952 மே 2ல சேவை ஆரம்பிச்சுது. 1954 ஜனவரி 10ல ஒண்ணு எல்பா தீவுப் பக்கம் நடுவானில சிதறி 35 பேர் இறந்தாங்க. ஏப்ரல் 8ல இன்னொண்ணு நேப்பிள்ஸ் பக்கம், 21 பேர். ஒண்ணு 1,290 தடவையும் இன்னொண்ணு 900 தடவையும்தான் பறந்திருந்துச்சு. கம்பெனி செஞ்ச சோதனையிலயோ, விமானத்து உடற்பகுதி ஒண்ணு சுமார் 18,000 தடவை அழுத்தம் ஏத்தி இறக்கினப்புறம்தான் உடைஞ்சிருந்துச்சு. அப்புறம் எப்படி?

இங்கிலாந்துல ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்துல ஒரு முழு விமானத்தையே தண்ணித் தொட்டிக்குள்ள வச்சாங்க, இறக்கை மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு. உள்ளேயும் வெளியேயும் தண்ணி. (ஏன் தண்ணின்னா, காத்தை அழுத்தினா வில்லு மாதிரி சக்தியைச் சேர்த்து வச்சுக்கும், உடைஞ்சா குண்டு. தண்ணி அவ்வளவா அழுந்தாது, உடைஞ்சா விரிசலோட நின்னுடும். வால்வுக்கும் இதே காரணம்தான்.) ராப்பகலா அழுத்தத்தை ஏத்தி இறக்கினாங்க. ஏற்கனவே 1,221 தடவை பறந்த அந்த விமானம், தொட்டியில 1,836 தடவை தாங்கி, மொத்தம் 3,057ல கிழிஞ்சுது. 18,000 எங்க, 3,057 எங்க!

பதில் இதுதான். பறக்கும்போது காமெட்டுக்குள்ள இருக்கிற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 8.25 பவுண்டு. கம்பெனிக்காரங்க ரொம்ப ஜாக்கிரதையா, அந்தச் சோதனைத் துண்டை முதல்ல ரெண்டு மடங்கு வரைக்கும் ஏத்திப் பார்த்திருந்தாங்க. தாங்கிடுச்சு. அப்புறம் அதே துண்டையே 18,000 தடவை சோதனைக்கும் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு மடங்கு ஏத்தினப்போ, ஜன்னல் மாதிரியான திறப்புகளோட மூலையில உலோகம் நிரந்தரமா இழுபட்டுப் போச்சு. அழுத்தம் இறங்கினதும் சுத்தியிருந்த உலோகம் அந்த இடத்தை உள்நோக்கி அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அதனால அங்க விரிசல் விழ ரொம்ப நாளாச்சு. பயணிகளை ஏத்திக்கிட்டுப் பறந்த விமானங்களுக்கு அந்த ரெண்டு மடங்கு வைத்தியம் நடக்கவே இல்லை.

யாரும் ஏமாத்தல, கேஜ் எதுவும் பொய் சொல்லல. அளவுக்கு மேல ஏத்தின அழுத்தம் சோதிச்ச பொருளையே வேற பொருளா மாத்திடுச்சு. அதுக்குக் கிடைச்ச மார்க்கை மத்ததுக்கெல்லாம் போட்டுட்டாங்க. "கூடுதலா டெஸ்ட் பண்ணினா நல்லதுதானே"ங்கிறதுக்கு இதுதான் பதில்.

மறுநாள் காலையில போய் கம்பெனியோட தரக்கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டு செமத்தியா விழுந்துச்சு. 43 வால்வையும் நிறுத்தி வச்சு, ஒவ்வொண்ணையும் பரிசோதிச்சு, சரியான 60ல மறுபடி டெஸ்ட் பண்ணினாங்க. வால்வு என்ன காமெட்டா, பத்து சதவீதம் கூடினதுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதே பட்டன் எதிர்த்திசையில தப்பியிருந்தா 54க்கு டெஸ்ட் பண்ணிட்டு 60ன்னு அச்சடிச்சிருக்கும். அதைக் காட்டிக் கொடுக்க அந்த மங்கின கேஜும், அதைப் பார்க்கற ஒருத்தரும் மட்டும்தான் இருந்திருப்பாங்க.

இப்ப ஜீரோ பட்டன் முழு அளவுல அரை சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா வேலை செய்யாது. யார் அமுக்கினாங்க, எப்ப அமுக்கினாங்கன்னு பதிவாகும். தினமும் காலையில கேஜ்ல தெரியற எண்ணை ஆள் பார்த்துத் தட்டினாத்தான் டெஸ்ட்டே ஆரம்பிக்கும். மொத்தமே முப்பது வரி கோடு. முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

கிளம்பும்போது ஃபிட்டர் அண்ணன்கிட்ட, "அண்ணே, அந்த டெஸ்டர்ல நானும் ஒருதடவை ரீடிங் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டேன். ஆறு வருஷம் லேட்டா, 10ல இருந்து 60 வரைக்கும் நானே கல்லு ஏத்தி, நானே சுத்திவிட்டு, நானே எழுதினேன். கோடு அவ்வளவு நேரா வரல. ஆனா அது என்னோட கோடு.

டிஸ்கி: லேப்ல சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதின மத்த பாவாத்மாக்கள் பின்னூட்டத்துல வந்து கையைத் தூக்குங்க. நான் மட்டும் தனியா நிக்கறேன் :-)